பரண்மேல் வளர்ந்த புழு

சௌதா பிறவி ஊமை இல்லை. மலாயாவின் கிள்ளான் ஆற்றங்கரையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட அன்று அவளுக்கு ஐந்து வயது. அதற்கு முந்தின நாள்வரை அந்தப் பிள்ளையின் வாயை மூடவைப்பதுதான் வீட்டில் பெரும்பாடாக இருந்தது. சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் மேசைக்கு மேசை போய் விசாரிப்பாள். ஏன் மீனை மிச்சம் வைத்தீர்கள், உங்கள் வீட்டில் சமைக்க ஆள் இல்லையா என்று கேட்பாள். குண்டு விழுந்ததும் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கியவளை அவள் உம்மா காத்தூன் பீவி இழுத்து வெளியே எடுத்தபோது வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் வெற்றிலையில் மைதடவிப் பார்த்துவிட்டு, பயம் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது என்றார். அது அவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று காத்தூனின் புருசன் முத்து முகம்மது எரிந்து விழுந்தான். கடைசியில் காத்தூன் ஒரு பச்சைத் துணியில் காசை முடிந்து அலமாரிக்குள் வைத்து, நாகூராருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை வாய் திறந்து பேசினால், பேசிய வாரமே வியாழக்கிழமை பாத்திஹா ஓதி, மலிதா இனிப்புச் செய்து, தெரு முழுக்க அதை நார்சாவாகப் பங்கிடுவதாக. வாரத்தைக் குறிப்பிட்டு நேர்ந்தது அவள் அவசரம். பிள்ளையைப் பெற்றவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்?

ஆண்டவன் காதில் அது உடனே விழவில்லை. ஒரு வருசம் போய் இன்னொரு வருசமும் பாதி ஓடியது. கடையில் சோறு நின்று மரவள்ளிக்கிழங்கு வந்தது. மட்டன் நின்று கருவாடு வந்தது. கருவாடும் நிற்கும்போல் இருந்த நேரத்தில் காத்தூனின் தம்பி பாவா வந்து சேர்ந்தான்.

பாவா துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தோட்டம் தோட்டமாக விற்றுத் திரிந்தவன். துணியே இல்லாமல் போன பிறகு வெறுமனே திரிந்தான். டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் ஜப்பான்காரன் இலவசப் படம் காட்டுகிறான் என்று போனான். படம் பாதியில் இருக்கும்போது கதவைச் சாத்தினார்கள். ஆண்பிள்ளைகளை எல்லாம் லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடப் போகிறீர்கள் என்றார்கள். வளைவு ஒன்றில் லோரி மெதுவானபோது பாவா குதித்துவிட்டான். முழங்காலில் தோல் உரிந்து, லுங்கி கிழிந்து, பின்வாசல் வழியாக வந்து நின்றவனைப் பார்த்ததும் காத்தூன் கதவைச் சாத்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"லாத்தா, தண்ணி குடு. அப்புறம் அழு," என்றான் பாவா அக்காளிடம்.

கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே ஓட்டுக்கூரைக்கு அடியில் ஒரு பரண். பழைய அண்டாக்களுக்கு நடுவில் அவனைப் போட்டார்கள். பகலில் எழுந்து நடக்கக் கூடாது, இருமக் கூடாது. ஓடு ஒன்று விலகியிருந்த இடுக்கில்தான் வெளிச்சம். கிழங்கும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கச் சௌதாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சின்ன உடம்பு, ஏணியில் சத்தமில்லாமல் ஏறிவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் பேசமாட்டாள். பிள்ளை பேசவேண்டும் என்று அழுதுகொண்டிருந்த அதே காத்தூன், இந்த ஒரு காரியத்தில் மட்டும் பிள்ளை பேசாததை நினைத்து ஆறுதல்பட்டாள். மாமா மேலே இருப்பதை யாரிடமும் சொல்லாதே என்று அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. பேச்சே இல்லாத பிள்ளையிடம் அதை எதற்குச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் புழு வந்தது.

கடைக்குப் பின்னால் பெரிய மண்ணெண்ணெய் டின்னில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. எண்ணெய் இல்லாமல், தேங்காய் இல்லாமல் கிழங்கை வேகவைத்துப் போட்ட காலத்தில் அந்த இலையைப் போட்டால்தான் குழம்பு என்று சொல்லிக்கொள்ள முடியும். கடையில் பாத்திரம் தேய்த்த மாரியாயி ஒருநாள் இலையில் காக்கா எச்சம்போல் கிடந்ததைத் தட்டப்போனாள். அது நகர்ந்தது.

"ஐயே, புழுவு. நசுக்கித் தள்ளு பாப்பா," என்றாள் மாரியாயி.

சௌதா இலையோடு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மாமாவுக்குக் கொண்டுபோன கிழங்குத் தட்டில், கிழங்குக்குப் பக்கத்திலேயே அது பரணுக்கு ஏறியது.

பாவாவுக்கு அதுநாள்வரை பரணில் வேலை என்று ஒன்று இருந்தால், அது ஓடுகளைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடப்பதுதான். இப்போது ஒரு பிழைப்பு கிடைத்தது. பழைய பிஸ்கட் ஜாடி ஒன்றைத் துடைத்து, வாயில் கந்தல் துணியைக் கட்டினான். சௌதா தினமும் கொழுந்து கிள்ளிக்கொண்டு வருவாள். பழைய இலையைத் தள்ளிப் புழுக்கையைக் கொட்டி, புது இலையை வைப்பார்கள். புழு தோலை உரித்துவிட்டுப் பச்சை நிறமாகிப் பருத்தது. தலைப்பக்கம் இரண்டு கண் வரைந்ததுபோல் புள்ளி வந்தது. விரலால் சீண்டினால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். அதைப் பார்த்துச் சௌதா தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பாள்.

பாவா அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்தான்.

"வேல செய்யாமத் தின்னுட்டு, தொட்டா மட்டும் கோவப்படுதே லாத்தா. வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?" என்று ஏணியில் எட்டிப் பார்த்த காத்தூனிடம் குசுகுசுத்தான். தோட்டத்துத் துரைகளிடம் துணி விற்றுப் பணம் வாங்க அலைந்தவனுக்கு அந்த அளவு குத்தல் இல்லாமல் போகுமா?

முத்து முகம்மதுக்குத்தான் வயிறு எரிந்தது. "கொழம்புல வாசனைன்னு இருக்கிறதே இந்த எலைதான். அதையும் புழுவுக்கு ஆக்கிப் போட்டாச்சு. கட மூடுனா தொரை வந்து சோறு போடுவாரா?" என்றான். ஆனால் பிள்ளை கொழுந்து கிள்ள எட்டாத கிளையை வளைத்துப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

ஒருநாள் தொரை சாப்பிடவில்லை. ஜாடியைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. துணியை அவிழ்த்ததும் வெளியேறிப் பரண் விட்டத்தில் ஏறி, வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து அசையாமல் நின்றது. மறுநாள் பார்த்தால் தோலும் இல்லை, காலும் இல்லை. சுருண்ட காய்ந்த இலை மாதிரி ஏதோ ஒன்று தொங்கியது. சௌதா அதன் கிட்டத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தொரை மௌத்தாயிட்டாரா மாமா?"

காற்று மாதிரிதான் வந்தது அந்தக் குரல். பாவா நிமிர்ந்த வேகத்தில் தலை ஓட்டில் இடித்தது. வலித்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

"இல்ல கண்ணு. உள்ள றெக்க தைக்கிறாரு. தச்சு முடிஞ்சதும் வெளிய வருவாரு," என்றான். துணி விற்றவன் வாயில் அதுதான் வந்தது.

அன்று மாலை காத்தூன் ஏணியில் பாதிவரை ஏறி நின்று காதைத் தீட்டினாள். மேலே பிள்ளை அந்தக் கூட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். இருட்டாக இருக்கிறதா, பசிக்கிறதா, எந்த நிறத்தில் தைக்கிறீர்கள் என்று ஒரே விசாரணை. பழைய சௌதா. காத்தூன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கீழே வந்து புருசனிடம் முதலில் சொன்னது பிள்ளை பேசிய செய்திகூட இல்லை.

"வியாழக்கெழம பாத்திஹா ஓதணும்," என்றாள்.

முத்து முகம்மது மனைவியின் முகத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான். "புத்தி இருக்கா உனக்கு? மேல ஆள வெச்சுக்கிட்டு வீடு நெறையக் கூட்டத்தக் கூட்டுவியா?"

பாவாவும் அதையேதான் சொன்னான். "சண்ட முடியட்டும் லாத்தா. நாகூராரு எங்கயும் போகமாட்டாங்க. நாந்தான் போயிருவேன்."

அந்த வியாழன் ஓதாமலே போனது. வெள்ளிக்கிழமை சௌதாவுக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பு கொதித்தது, கண் சொருகியது. கேட்டதற்குப் பேச்சு இல்லை, தலைகூட ஆட்டவில்லை. கிள்ளானில் அந்த மழைக்குக் காய்ச்சல் வராத வீடே இல்லை. ஆனால் காத்தூனுக்கு அது மழைக் காய்ச்சலாகத் தெரியவில்லை. சொன்ன வாரம் கொடுக்காததற்கு, கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறார்கள் என்றே பட்டது. அலமாரியைத் திறந்து பச்சை முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த வாரம் கட்டாயம் என்று அழுதாள். அந்த அழுகைக்கு முன்னால் முத்து முகம்மதுவாலும் நிற்க முடியவில்லை. காய்ச்சல் இறங்கியதும் ஊர் அலைந்து கொஞ்சம் தேங்காயும் வெல்லமும் தேடிக்கொண்டு வந்தவன் அவன்தான். மரவள்ளி மாவில் ரொட்டி சுட்டு, பிசைந்து மலிதா ஆக்கிவிடலாம் என்றான். சுருக்கமாக முடித்துவிடலாம் என்றான். நார்சா சுருக்கமாக முடிகிற காரியமா? ஓதிய வீட்டுக்கு வருகிறவர்களை வராதே என்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் எவருக்கும் இல்லை.

வியாழன் காலையில் கூடு கறுத்து, பிளந்து, தொரை வெளியே வந்தார். கசங்கிய கறுப்புத் துணி மாதிரிதான் முதலில் இருந்தது. விட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தொங்கிச் சிறகை விரித்தார். கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையாகப் போட்ட நல்ல துணி. பாவா சௌதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தொடாதே, காயட்டும் என்றான். வெயில் ஓட்டு இடுக்கில் இறங்கியதும் அது எழுந்து, இரண்டுமுறை அண்டாவில் முட்டி, இடுக்கு வழியாகப் போய்விட்டது. பாவா அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உள்ளே வந்த பிறகு அந்தப் பரணிலிருந்து வெளியே போன முதல் உயிர் அது.

சௌதா ஏணியில் தடதடவென்று இறங்கி அடுப்படிக்கு ஓடினாள். "உம்மா, தொரை பறந்துட்டாரு!" என்றாள். குசுகுசுப்பு இல்லை. முழுக் குரல். மாரியாயி கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டாள். காத்தூன் மாவுக் கையோடு பிள்ளையை அள்ளி, முகமெல்லாம் மாவாக்கி முத்தமிட்டாள். பிறகு எவ்வளவோ கசந்து போன பெண்பிள்ளைதான் காத்தூன். ஆனாலும் அந்தக் காலை நேரம் உண்மையாகவே நடந்தது.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். பசிக் காலத்தில் மலிதா என்றால் அழைப்பு தேவையா? லெப்பை ஓதினார். சாம்பிராணிப் புகை ஏறிப் பரணுக்குப் போனது. இருமிவிடாதே தம்பி, இருமிவிடாதே என்று காத்தூன் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அவன் இருமவில்லை.

ஓதி முடியும் நேரத்தில் அப்துல் ரஹ்மான் வந்தான். முன்பு பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவன், வருசக்கணக்கில் இந்தக் கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவன். இப்போது சயாமுக்கு ஆள் சேர்க்கும் ஆபீசில் இருந்தான், கையில் பட்டை கட்டியிருந்தான். எல்லாரும் நகர்ந்து அவனுக்கு நல்ல இடமாகக் கொடுத்தார்கள். பிரியம் இல்லை, பயம். மாரியாயியின் புருசனை அனுப்பியதும் இவன்தான். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வழக்கப்படி பிள்ளையைச் சபை நடுவில் உட்காரவைத்துப் பிஸ்மி சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒவ்வொருவராகத் தலையில் கைவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு வருசத்துப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்தது. காத்தூன் கதவோரம் நின்று பூரித்தாள். அந்தப் பூரிப்பில்தான் அவள் அப்துல் ரஹ்மானின் முறை வந்ததைக் கவனிக்கவில்லை.

அவனும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. வாயில் மலிதா இருந்தது. "அடேயப்பா, எவ்வளவு பேசுது புள்ள. யாரும்மா உனக்குப் பேசச் சொல்லிக் குடுத்தது? உம்மாவா, வாப்பாவா?"

"பாவா மாமா," என்றாள் சௌதா. "மேல பரண்ல இருக்காங்க. எங்க தொரையும் அங்கதான் இருந்தாரு. தொரை பறந்துட்டாரு. மாமா மட்டும் இருக்காங்க."

யாரோ ஒருவர் இருமினார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். லெப்பை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். ஒருவரும் காத்தூனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் தங்கள் பங்கு நார்சாவை விட்டுவிட்டும் போகவில்லை, இலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்துல் ரஹ்மான் மட்டும் உட்கார்ந்தபடி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சின்னப் புள்ள. பூச்சி, புழுன்னு என்னமோ ஒளறுது," என்றான் முத்து முகம்மது.

"இந்த மாசம் ஆள் கொறைஞ்சா எம்மகனத்தான் கேக்குறாங்க தம்பி. நான் கேக்காமலே இருந்திருக்கலாம். காதுல விழுந்துருச்சே," என்றான் அவன். அப்படியே வாசலுக்குப் போய்த் தெருமுனையில் நின்ற இரண்டு பேரைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அவர்கள் ஏணியில் காலை வைப்பதற்குள் பாவாவே இறங்கி வந்துவிட்டான். மச்சானையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. மாதக்கணக்கில் வெயில் படாத உடம்பு வெளுத்துப் போயிருந்தது. காத்தூன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சௌதாவின் கன்னத்தைத் தட்டினான்.

"நல்லா பேசுன கண்ணு. பேசிக்கிட்டே இரு, என்னா," என்றான்.

லோரி போய்விட்டது. முத்து முகம்மதை இரண்டு அறையோடு விட்டார்கள். அதுவும் தான் சொல்லித்தான் என்று அப்துல் ரஹ்மான் பிறகு ஒருநாள் வந்து சொன்னான். அவனுக்கு நன்றி வேறு சொல்லவேண்டியிருந்தது.

சௌதா மாமா சொன்னபடியே பேசிக்கொண்டிருந்தாள். கடையில் மேசைக்கு மேசை போனாள். மாமா சயாமில் ரயில் ஓட்டுகிறார்கள், ரயிலிலேயே வருவார்கள் என்றாள். "மாமா மேல இருக்காங்கன்னு நாந்தான் சொன்னேன்," என்பதையும் புதிதாக வருகிறவர்களிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் காத்தூன் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளை மேல் கோபம் என்று சொல்ல முடியாது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஊறிக்கொண்டே இருந்த கோபம் அது.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் வந்தார்கள். மாரியாயியின் புருசன் வரவில்லை. ஒருநாள், காலில் ஆறாத புண்ணோடு ஒரு ஆள் கடை வாசலில் வந்து நின்று, பாவாவின் லாத்தா யார் என்று கேட்டான். காலராவில் ஒரே ராத்திரியில் போய்விட்டான் என்றான். குழிகூடத் தனியாக இல்லை என்றான். காத்தூன் கடைசிவரை நின்று கேட்டாள்.

சௌதாவுக்கு அப்போது எட்டு முடிந்திருந்தது. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அந்த ஆளுக்கு முன்னால் வைத்தாள்.

"எங்க மாமாவ நீங்க பாத்தீங்களா? பரண்ல இருந்தாங்க. நாந்தான்..."

"உன் வாய் அன்னிக்கே அவிஞ்சுபோயிருக்கக் கூடாதா," என்றாள் காத்தூன்.

கத்தவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னாள். முத்து முகம்மது "ஏய்" என்று எழுந்தான். சௌதா உம்மாவைப் பார்த்தாள். வந்த ஆளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். இரண்டு வருசமாக அவளுக்குப் புரியாமல் இருந்த கணக்கு அந்த இடத்தில் நின்றபடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்க் குவளையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. இந்தமுறை குண்டு எதுவும் விழவில்லை என்பதுதான் வித்தியாசம்.

முதல் சில நாள் காத்தூன் வீம்பாக இருந்தாள். அப்புறம் பயந்தாள். அப்புறம் கெஞ்சினாள். பிள்ளையின் காலைக்கூடப் பிடித்தாள். ஒரு காலையில் கறிவேப்பிலை மரத்தில் காக்கா எச்சம்போல் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, இலையோடு கிள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதே பிஸ்கட் ஜாடியைத் தேடி எடுத்துத் துடைத்தாள்.

"கண்ணு, பாரு. தொரை வந்திருக்காரு. வளப்போமா? நீயும் நானும்?"

சௌதா இலையை வாங்கினாள். அதன் மேலிருந்ததை வெகுநேரம் பார்த்தாள். காத்தூன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சௌதா எழுந்து பின்கட்டுக்குப் போய், அந்த இலையை மரத்தில் கை எட்டிய உயரத்தில், கிளை இடுக்கில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். சுற்றிலும் இருந்த இலைகளை இழுத்து அதை மறைத்தாள். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

அலமாரியில் பச்சைத் துணி அப்படியே இருந்தது. காத்தூன் அதில் மறுபடியும் காசை முடிந்து வைக்கவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்?